அத்தையின் கண்மணி துள்ளிய காரணம்

வாயை மூடிக்கொண்டு சும்மா உட்காரத் தெரியாதவர்களுக்கென்று உலகப் போட்டி வைத்தால் அத்தைக்கு முதல் பரிசு கிடைக்காது. பரிசு கொடுக்க வந்தவரையே பிடித்துவைத்துப் பேசி, அந்த மனிதர் கோப்பையோடு வந்ததை மறந்து வீடு திரும்பும்படி செய்துவிடுவார். ஆயுசில் பாதியைத் தொலைபேசி நிலையத்தில் அடுத்தவர் பேச்சுக்கு இணைப்புக் கொடுத்தே கழித்தவர். அதுவரை சேர்த்து வைத்த சொந்தப் பேச்சையெல்லாம் ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் அவிழ்த்துவிட்டார். கேட்பதற்கு வீட்டில் இருந்த ஒரே ஆள் மருமகள். மகனும் இருந்தான்தான். ஆனால் அவனிடம் பேசுவதும் அலமாரியிடம் பேசுவதும் ஒன்று. அலமாரியாவது திறந்தால் ‘கிரீச்’ என்னும்.

இப்போது அந்த மருமகளுக்கே ஆபத்து வந்திருந்தது. வெளிச்சத்தைக் கண்டால் கண் என்ன செய்கிறது என்று ஆராய்ந்து முனைவர் ஆனவள் அவள். அதே ஆராய்ச்சியை மேலே தொடர நகரின் மறுகோடியில் இருந்த பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது. அது கிடைக்காவிட்டால் கடல் தாண்டி இன்னொரு இடம் காத்திருந்தது. அங்கே விமானம் போய்ச் சேர்வதற்குள் பிறந்த குழந்தைக்கு மீசை முளைத்துவிடும் என்பது அத்தையின் கணக்கு. மருமகள் போனால் மகனும் போவான். அத்தைக்கு மிஞ்சுவது நிஜமான அலமாரி மட்டும்.

ஆராய்ச்சிக் கூடத்துப் பேராசிரியைக்கு ஒரு வழக்கம் உண்டு. நேர்முகத் தேர்வில் கேள்வியே கேட்க மாட்டார். வீட்டிலிருந்து வயதான ஒருவரைக் கூட்டிவந்து, தன் எதிரில் அவர் கண்ணை அளந்து காட்டச் சொல்வார். இயந்திரத்தை யார் வேண்டுமானாலும் ஓட்டலாம், மனுஷரை அசையாமல் உட்காரவைப்பதில்தான் திறமை இருக்கிறது என்பது அவர் கட்சி. இந்த விஷயம் தெரிந்திருந்தும் மருமகள் அத்தையைக் கூட்டிக்கொண்டு போனாள். தைரியம் என்றால் அதுதான்.

“அத்தை, நீங்க ஒண்ணுமே பண்ண வேண்டாம். தாடையை அந்தத் தாங்கியில வச்சு நேரா பாருங்க. அவ்வளவுதான்.”

“இதுக்குப் போயா இவ்வளவு படிச்ச, டாக்டரம்மா?”

“நடுவுல பேசக் கூடாது.”

“யாரு, நானா?” என்று அத்தை ரொம்பவே புண்பட்டார்.

அறை, எலி நுழைந்தாலும் வழி கேட்டுத்தான் போகவேண்டும் என்பதுபோல இருந்தது. சுவர், கூரை, மேசை எல்லாம் கறுப்பு. இருட்டிலும் படம் பிடிக்கும் கேமரா ஒன்று அத்தையின் மூக்குக்கு எதிரே முறைத்துக்கொண்டிருந்தது. அது பிடிப்பதையும், கண்மணி விரிவதையும் சுருங்குவதையும் ஒரு கோடாகவும் காட்டும் திரை கறுப்புத் துணிக்குப் பின்னால். பேராசிரியை அங்கே போய் உட்கார்ந்தார். வணக்கம் சொன்னதற்கு “ம்” என்றார், உட்காரலாமா என்றதற்கும் “ம்” என்றார். அத்தைக்கு அப்போதே உள்ளுக்குள் புகைய ஆரம்பித்துவிட்டது.

மருமகள் கேமராவை முடுக்கிவிட்டுத் துணிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். திரையில் அத்தையின் கண்மணி லாரிச் சக்கரம் அளவுக்கு விரிந்து, இமைவரைக்கும் பரவி நின்றது.

“அத்தை, மை போட்டிருக்கீங்களா?”

“லேசா.”

“லேசாவா!”

“இன்டர்வியூ என் கண்ணுக்குத்தானே? மூஞ்சிகூடக் கழுவாம மாமியாரை இழுத்துட்டு வந்தான்னு உன்னை யாரும் சொல்லிடக் கூடாது பாரு.”

கறுப்பாக எது தெரிந்தாலும் அதைக் கண்மணி என்று நம்பிவிடும் வெள்ளந்தி இயந்திரம் அது. மருமகள் ஈரப் பஞ்சால் துடைத்தாள், துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். அத்தை சொன்ன ‘லேசா’வில் ஒரு வீட்டுக்கு வெளிப்பூச்சே பூசியிருக்கலாம். “ம்” என்றது துணி.

பிறகு விளக்கை அணைத்தாள். கண் இருட்டுக்குப் பழகும்வரை காத்திருக்க வேண்டும். யாரும் பேசக் கூடாது. அத்தையின் பேச்சு தொண்டைவரைக்கும் வந்து, எட்டிப் பார்த்து, திரும்பிப் போய், தெரிந்த நாலு பேச்சைக் கூட்டிக்கொண்டு மறுபடி வந்தது. வெளியே ஒரு மழைக்காலம் வந்து முடிந்தே போயிருக்கும் என்று அவருக்குத் தோன்றியபோது, எதிரே ஒரு வெளிச்சம் பளிச்சிட்டு மறைந்தது. கொஞ்சம் கழித்து இன்னொன்று.

துணிக்குப் பின்னால் இரண்டு பேர் கிசுகிசுத்தார்கள். எத்தனையோ இரைச்சலுக்கு நடுவே குரலைப் பிரித்துக் கேட்டுப் பழகிய காதுக்கு அது ஒலிபெருக்கி வைத்ததுபோலக் கேட்டது.

“வெளிச்சம் பட்டதும் சுருங்குது. சரி. வெளிச்சமே இல்லாதப்ப ஏன் கோடு இப்படித் துள்ளுது?” இது பேராசிரியை.

“தெரியலை மேடம்.”

“துள்ளின இடத்தை வெட்டிட்டு மீதியைக் காட்டேன். இதுக்கு முன்னால வந்தவங்க அப்படித்தான் செஞ்சாங்க.”

“வெட்டினா கோடு அழகா வரும் மேடம். ஆனா அது அத்தையோட கண்ணா இருக்காது.”

‘அடிப் பாவி, வெட்டித் தொலையேன்டி!’ என்று அத்தை மனசுக்குள் அலறினார்.

“பாரு, மறுபடி துள்ளுது” என்றார் பேராசிரியை.

மருமகள் இருட்டில் தடவிக்கொண்டு வந்து அத்தையின் தோளைத் தொட்டாள். “மனசு எதிலயாவது மும்முரமா இருந்தா கண்மணி விரியும், அத்தை. என்ன நினைச்சுட்டு இருந்தீங்க?”

“ஒண்ணுமில்லையே.”

“துள்ளிச்சு” என்றது துணி.

“அத்தை...”

“சொன்னா உனக்கு வேலை கிடைக்காதுடி.”

“சொல்லலைன்னாலும் கிடைக்காது.”

“அந்த அம்மாவைத் திட்டிட்டு இருந்தேன்.”

“எந்த அம்மாவை?”

“இங்க எத்தனை அம்மா இருக்காங்க?”

இருட்டுக்கே வியர்த்துவிட்டது. மருமகள் ஒரு முடிவுக்கு வந்தாள்.

“சரி. அடக்கி வச்சா உள்ளேயே சுத்திட்டு இருக்கும். வாய்விட்டுத் திட்டி முடிச்சுடுங்க, அப்புறம் அளக்கலாம். மேடம், உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே?”

“ம்.”

“இதோ, இந்த ‘ம்’தான்!” என்று அத்தை தொடங்கினார். “இவ படிச்ச படிப்புக்கு நீங்க வாசலுக்கு ஓடி வந்து கூட்டிட்டுப் போயிருக்கணும். கண்ணைப் பத்திப் படிச்சுப் படிச்சு இவ கண்ணுக்கே கண்ணாடி வந்துடுச்சு, தெரியுமா? நான் காய்ச்சல்ல கிடந்தப்ப பக்கத்துல உட்கார்ந்து ஆராய்ச்சி எழுதினா. நடுநடுவுல என் இமையைத் தூக்கி டார்ச் அடிச்சுப் பார்த்துக்கிட்டா. அப்பவும் நெத்தியில வச்ச கையை எடுக்கலை. நான் சொன்ன கதையையே நூறு தடவை சொன்னாலும் புதுசா கேக்கற மாதிரியே ‘அப்புறம்?’னு கேப்பா. பெத்த பிள்ளை கேக்கலை! இவளைக் கடலுக்கு அந்தாண்ட அனுப்பிட்டு நான் யார்கூடச் சண்டை போடறது?”

அங்கிருந்து அந்தக் கட்டடத்தின் படிக்கட்டுக்குத் தாவினார். நாற்காலியைத் திட்டினார், தாடைத் தாங்கியைத் திட்டினார், விளக்கைக் கண்டுபிடித்தவரின் வம்சத்தையே விசாரித்தார். கறுப்புச் சுவர்கள் வெட்கத்தில் சிவந்திருக்கும், இருட்டில் தெரியவில்லை. கடைசியில், தொட்டி காலியான குழாய்போல நாலு சொல் சிதறி, இரண்டு சொட்டி, நின்றுபோனார்.

“அவ்வளவுதான்” என்றார். அந்தச் சொல் அவர் வாயில் அன்றைக்குத்தான் பிறந்தது.

மருமகள் தண்ணீர் கொடுத்து, நெற்றி வியர்வையைத் துடைத்து, மறுபடி அளந்தாள். இஸ்திரி போட்ட துணிபோலக் கோடு படுத்துக் கிடந்தது. வெளிச்சம் வந்தபோது இறங்கியது, போனபோது சாவகாசமாக ஏறியது. ஒவ்வொரு தடவையும் அதே அழகு.

விளக்குப் போட்டார்கள். துணியை விலக்கிக்கொண்டு வந்த பேராசிரியையின் முகத்தில் எதுவும் படிக்க முடியவில்லை. அத்தை மருமகளின் விரல்களைப் பிடித்துக்கொண்டார்.

“துள்ளலை எல்லாரும் வெட்டினாங்க. ஏன் துள்ளுதுன்னு நீ ஒருத்திதான் போய்க் கேட்ட” என்றார் பேராசிரியை. “திங்கட்கிழமை வந்து சேர்ந்துடு.” பிறகு அத்தையிடம் திரும்பினார். “நான் கொஞ்சம் பேசத்தான் செய்யணும்மா. ரொம்ப நாளா யாரும் சொல்லலை.”

“ம்” என்றார் அத்தை. பேச்சே வரவில்லை.

வெளியே வெயில் கொளுத்தியது. இருட்டிலிருந்து வந்த அத்தைக்குத் தெருவே வெள்ளைத்தாளாகத் தெரிந்தது. மருமகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தத்தித் தத்தி நடந்தார்.

“உள்ள என்னைப் பத்திச் சொன்னீங்களே, அத்தை. அதெல்லாம் வீட்டுல ஒரு நாளும் சொன்னதில்லையே?”

“வீட்டுல லைட்டு எரியுதே. எப்படிச் சொல்றது?”

மருமகள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைத்த பிறகும் கொஞ்ச நேரம் போட்டுக்கொள்ளவில்லை. அதற்குள் பேருந்து வந்து நின்றது. அத்தைக்குக் குரல் திரும்பிவிட்டது. படியில் ஒரு கால் வைத்ததும் நடத்துநரைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, விஷயம் தெரியுமா? எங்க வீட்டு டாக்டரம்மா எங்கயும் போகலை!”