முப்பத்தொரு வீட்டுக்காரரின் நித்திரை

டேனிஷ்காரற்றை நாட்டிலை, ஹேர்னிங்கிலையிருந்து ஹோர்சன்ஸ் வரைக்கும் அந்தோனிதாசன் கட்டி வித்த முப்பத்தொரு வீட்டிலை எந்த வீட்டுக் கூரை ஒழுகினாலும், தண்ணி அவற்றை தலையிலைதான் விழும். அந்த வீட்டிலை இருக்கிறவைக்கு ஒரு சொட்டும் விழாது. 2003இலையிருந்து கனகாலம் இது இப்பிடித்தான். வேதக் கோயிலிலை பூசை நேரம் மற்றவையெல்லாம் காய்ஞ்சுபோய் இருக்க, இவர் மட்டும் நனைஞ்சுகொண்டு நிப்பார். பங்குச் சனம் கொஞ்ச நாள் பார்த்திட்டு, கடைசி வாங்குப் பலகையை அவருக்கு ஒதுக்கி, கீழை ஒரு வாளியும் வைச்சுது. அதுக்குப் பிறகு ஒருத்தரும் அதைப் பெரிசாய்க் கதைக்கேல்லை.

மன்னாரிலையிருந்து எண்பத்தாறிலை வந்த மனுசன். பதினைஞ்சு வருசம் தையல் ஃபாக்டரியிலை காற்சட்டைக்குச் சிப் வைச்சவர். ஃபாக்டரி போலந்துக்குப் போக, ஒரு காணித்துண்டு வாங்கி வீடு கட்டி வித்தார். பிறகு ரெண்டு, பிறகு வரிசையாய் ஆறு. கட்டிற வேலையிலை ஒரு பிழையும் இல்லை, பிழை விட்டது பாலிலை. எங்கட சனம் புது வீட்டுக்குப் போனால், இருக்கப் போறவை முதலிலை பால் காய்ச்சிப் பொங்க விடுவினம். இவரிட்டை வாங்கினது முழுக்க டேனிஷ்காரர். அவையள் எங்கை காய்ச்சப் போகினம்? பால் பொங்காத வீட்டை மனுசர் கையிலை குடுக்க இவருக்கு மனம் கேக்கேல்லை. சாவி குடுக்கிற அண்டு காலமை தானே சட்டியோடை போய், கரண்ட் அடுப்பிலை பால் பொங்க விட்டு, செபம் சொல்லி, அடுப்பையும் துடைச்சிட்டு வருவார். அவற்றை மனுசி மரியநாயகி அப்பவே சொன்னவ, "இருக்கப் போறவையெல்லோ காய்ச்ச வேணும்? விக்கிற நீங்கள் ஏனப்பா காய்ச்சிறியள்?" எண்டு. "நீர் சும்மா இரும்" எண்டிட்டுப் போனவர். கேட்டால்தானே! வீடுகளுக்கு என்ன தெரியும், பால் காய்ச்சின ஆளைத்தான் சொந்தக்காரர் எண்டு பிடிச்சுக்கொண்டுதுகள்.

ஒழுக்கு மட்டுமெண்டால் ஒரு குடையோடை சமாளிச்சிருப்பார். ஹேர்னிங்கிலை ஒரு வீட்டு ஹீற்றர் நிண்டால், இவருக்கு ஜூலையிலையும் பல்லுக் கிடுகிடுக்கும். ஹோர்சன்ஸ் வீடொண்டிலை இரட்டைப் பிள்ளையள் பிறந்த வருசம், அதுகளின்ரை அழுகையாலை மற்ற ஆக்கள் கதைக்கிறது ஒண்டும் இவருக்குக் கேக்கேல்லை. டொக்டர் நல்லாய்ச் சோதிச்சுப்போட்டு, உடம்பிலை ஒரு குறையுமில்லை, இது கூரைவேலைக்காரரிட்டைக் காட்ட வேண்டிய விசயம் எண்டு எழுதிக் குடுத்தார். வீடு வாங்கினவைக்கோ பெரிய புளுகம், சந்தோசம். குழாய் வெடிக்க முதலே வித்தவர் போன் எடுத்து, குளிப்பறைச் சுவருக்குப் பின்னாலை ஒருக்காப் பாருங்கோ எண்டு சொன்னால் ஆருக்குக் கசக்கும்? இவரை மாதிரி வித்த பிறகும் பொறுப்பாய்ப் பார்க்கிற ஆள் இந்த யூலாந்துப் பக்கத்திலையே இல்லையெண்டு சொல்லிச் சொல்லியே அடுத்த வீட்டுக்கும் ஆள் பிடிச்சுக் குடுத்தினம். அவரும் கட்டினார். வேறை தொழிலும் தெரியாதே, பாவம்.

நித்திரைதான் இல்லாமல் போச்சு. முப்பத்தொரு வீட்டிலை ஆரோ ஒருத்தர் எப்பவும் நடந்துகொண்டுதான் இருப்பினம், அந்தக் காலடியெல்லாம் இவற்றை மண்டைக்குள்ளை. ஐம்பது வயதுக்குள்ளை எழுபது வயதுக் களைப்பு முகத்திலை. ஆரேன் சுகம் கேட்டால் "கொஞ்சம் படுக்க வேணும்" எண்டு மட்டும் சொல்லுவார்.

2011இலை புதுக் காணி பார்க்கப் போன இடத்திலை ஒரு பேஸ்போல் மைதானம் கிடந்தது. அதிலை கீறின வெள்ளைக் கோட்டைத் தாண்டிக் காலை வைச்சாரோ இல்லையோ, மண்டைக்குள்ளை அவ்வளவு சத்தமும் நிண்டுது. வாங்கிலை இருந்தவர் அப்பிடியே சரிஞ்சு ஐஞ்சு மணித்தியாலம் நித்திரை. எழும்பினதும் சின்னப்பிள்ளை மாதிரி அழுதவர். அங்கை ஏன் வீடுகளின்ரை பிடி விட்டுப்போச்சு எண்டு இண்டைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. இந்த நாட்டிலை விளையாட்டுக் கழகமெண்டால் அங்கத்தவர்தான் சொந்தக்காரர். அந்த மைதானத்துக் கழகம் ஆளில்லாமல் கலைய இருந்ததாலை, அதின்ரை பயிற்சியாளர் பிரெபனும் இவரும் பாதிப்பாதியாய், நிலத்தோடை சேர்த்து வாங்கிச்சினம். சனிக்கிழமை தவறாமல் போவார். பந்தை அடிச்சவன் ஏன் மட்டையைப் போட்டிட்டு ஓடுறான் எண்டுகூட அவருக்கு விளங்கினதில்லை. "அண்ணை, வாங்கினது வாங்கினியள், ஒரு கிரிக்கெட் ரீமாய்ப் பார்த்து வாங்கியிருக்கலாமே?" எண்டு எங்கட ஆக்கள் பகிடி பண்ணுவினம். "அதெண்டால் நீங்களெல்லாம் வந்து கத்துவியள்" எண்டுவார். ரீம் பதினொரு வருசமும் தோத்துது, முதலாளி பதினொரு வருசமும் நித்திரை.

2022இலை பிரெபனுக்கு எழுபத்தாறு வயது, இடுப்பெலும்பு மாத்தியாச்சு, ஸ்பெயினுக்குப் போய் வெயிலிலை இருக்க ஆசை. மைதானத்திலை இருபத்துநாலு வீடு கட்ட ஒரு பெரிய கொம்பனி கேட்டு வந்தது. இப்ப தொழிலைப் பார்க்கிற மகள் கிளோறியாவுக்கும் சம்மதம். மரியநாயகிதான், "பிறகு நீங்கள் எங்கையப்பா படுப்பியள்?" எண்டு கேட்டவ. அந்தோனிதாசன், "நான் முப்பத்தொண்டு கட்டினனான். மற்றவனைக் கட்டாதை எண்டு எந்த வாயாலை சொல்லுறது?" எண்டார்.

செப்ரெம்பர் கடைசிச் சனி, கடைசி ஆட்டம். அண்டு பின்னேரம் ஆறு மணிக்குள்ளை அவர் தன்ரை போனிலை சம்மதம் குடுக்க வேணும், இஞ்சை இப்ப கையெழுத்தெல்லாம் போனிலைதானே. ஆட்டம் தொடங்கி அரை மணித்தியாலத்திலை ஆள் நித்திரை. ரீம் பதினொரு ஓட்டத்தாலை தோத்து முடிஞ்சும் எழும்பேல்லை. பிரெபன் தோளைப் பிடிச்சு உலுப்பினார். கிளோறியா டேனிஷிலை கூப்பிட்டாள், பிறகு தமிழிலையும் கூப்பிட்டாள். குறட்டைதான். ஐஞ்சே முக்காலாச்சு. இரகசிய இலக்கம் தனக்குத் தெரியும், அப்பாவின்ரை விரலைப் பிடிச்சு போன் திரையிலை ஒருக்கா இழுத்தால் காணும் எண்டு கிளோறியா பிரெபனிட்டைச் சொல்லி, தகப்பன்ரை கையைத் தூக்கினாள்.

பக்கத்திலை இருந்த மரியநாயகி மகளின்ரை மணிக்கட்டைப் பிடிச்சா. "விடு பிள்ளை. வீடுகள் பிடிச்ச இந்தப் பத்தொன்பது வருசமும் பக்கத்திலை படுத்தனான், இந்த மனுசன் இப்பிடி மூச்சு விட்டதை நான் காணேல்லை. சம்மதம் வேணுமெண்டால் அவரே எழும்பிக் குடுக்கட்டும். எழும்பாட்டில் இல்லை."

கிளோறியா தகப்பன்ரை கையை மெதுவாய் அவற்றை மடியிலை திருப்பி வைச்சிட்டு அழுதாள். பிரெபனுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் விளங்கிப்போச்சு. தனக்கு அவசரமில்லை எண்டு டேனிஷிலை சொல்லிப்போட்டு, வாங்கிலை மற்றப் பக்கம் இருந்தார். ஆறு மணி அடிச்சுது, வெளியிலை காத்துக்கொண்டு நிண்ட கொம்பனிக்காரர் காரை எடுத்துக்கொண்டு போச்சினம்.

இப்ப மூண்டு வருசமாகுது, ஆள் அந்த வாங்கிலையிருந்து எழும்பேல்லை. டொக்டர் வந்து பார்த்து, நாடி நல்லாயிருக்கு, நித்திரை இன்னும் காணாது, கொள்ளட்டும் எண்டு எழுதினார். வருத்தக்காரரை வீடு தேடிப் போய்ப் பராமரிக்கிறவை ஒரு நாளைக்கு ரெண்டு தரம் வந்து முகம் துடைச்சு, தாடி வழிச்சு விடுகினம். அவற்றை சம்மதம் இல்லாமல் நிலத்தை விக்க ஏலாது, நித்திரை கொள்ளுறவரை எழுப்பச் சட்டத்திலை இடமும் இல்லையாம். பிரெபன் ஸ்பெயினை மறந்திட்டார், வாய் மட்டும் கொஞ்சம் புறுபுறுக்கும். முப்பத்தொரு வீட்டுக்காரரும் மற்றச் சனம் மாதிரித் தங்கட ஒழுக்குக்குத் தாங்களே சட்டி வைக்கினம், முந்தின கவனிப்பு இப்ப இல்லையெண்டு குறையும் சொல்லுகினம்.

போன மாசி மாதக் கூட்டத்திலை பேஸ்போல் சங்கம் அந்த மைதானத்துக்கெண்டு ஒரு விதி எழுதினது. பந்து நித்திரையிலை இருக்கிற முதலாளியிலை பட்டால் அடிச்சவர் ரெண்டு தளம் முன்னுக்குப் போகலாம், பந்தை எடுக்கப் போறவர் சத்தம் போடக் கூடாது. இதுவரை நாலு தரம் பட்டிருக்கு, நாலும் எதிர்ப்பக்க ரீம் அடிச்சது. ஒவ்வொருக்காலும் மரியநாயகி பட்ட இடத்தைத் தடவிவிட்டு, அடிச்சவனை நல்லாய் ஒருக்கா முறைச்சுப் பார்த்திட்டு, திரும்பப் பக்கத்திலை இருப்பா.