நாலு சுற்றுப் பிடிக்காத நட்டு

என் அக்கா வீட்டுக்காரருக்குத் தெரியாத விஷயமே கிடையாது. டாக்டரிடம் போனால் மருந்தை அவரே சொல்லிக்கொடுப்பார். கொத்தனாரைக் கண்டால் செங்கல்லைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். அப்பேர்ப்பட்டவர் ஐம்பது வருடப் பழைய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கி, காலையும் மாலையும் துடைத்துக்கொண்டிருந்தார். வீட்டில் குடித்த தம்ளரை எடுத்து வைத்தறியாத கை அது.

நான் டயர் கடை வைத்திருக்கிறேன். பதினெட்டு வருடமாகச் சக்கரம் கழற்றி மாட்டுவதுதான் பிழைப்பு. சொந்தக்காரர்களிடம் அத்தான் என்னை 'பஞ்சர் ஒட்டுற பொண்ணு' என்றுதான் சொல்வார்.

ஒரு வியாழக்கிழமை நாலு அலாய் வீலோடு வந்து இறங்கினார். கண் கூசுகிற பளபளப்பு. ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் பழைய வண்டிகளின் கண்காட்சியாம், அதற்குள் மாட்டித் தர வேண்டுமாம். ஒன்றைத் தூக்கி வைத்துப் பார்த்தேன். ஓட்டைகள் பொருந்தின. ஆனால் அந்த வண்டியின் போல்ட்டுகள் மெல்லிய இரும்புச் சக்கரத்துக்காகச் செய்தவை. புது வீலோ நல்ல தடிமன். நட்டு நாலு சுற்றுகூடப் பிடிக்கவில்லை.

"போல்ட் நீளம் பத்தாது அத்தான், ஓடும்போது கழண்டுடும். நீளமானது வரவழைச்சு மாத்தணும். ஒரு வாரம் ஆகும்."

இறுகினால் இறுகினதுதான், இதில் நீளமென்ன குட்டையென்ன என்றார். வீடியோவில் பார்த்தாராம். நான் முடியவே முடியாது என்றதும், எனக்குப் பொறாமை என்று கடையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார். தெருக்கோடியில் சீட் உறையும் ஸ்டிக்கரும் விற்கிற ஒருவன் அரை மணியில் மாட்டிக் கொடுத்துவிட்டான். பழைய சக்கரங்களை அத்தான் அங்கேயே போட்டுவிட்டு வந்ததாகக் கேள்வி.

அன்றைக்கே அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பட்டால்தான் தெரியும் என்று விட்டுவிட்டேன். நாலு பேர் பார்க்க அந்த வண்டி கோணிக்கொண்டு நிற்பதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்து ரசித்தேன் என்பதும் உண்மை.

ஞாயிறு காலை வண்டி என் கடையைத் தாண்டிப் போனது. வேண்டுமென்றே ஹாரன் அடித்தார். பக்கத்து சீட்டில் அக்கா. கை காட்டிச் சிரித்தாள். அவளும் போவாள் என்று நான் நினைக்கவேயில்லை. அவளுக்கு போன் போட்டேன், எடுக்கவில்லை. அத்தானுக்குப் போட்டேன், கட் பண்ணினார். ஜாக்கியை வேனில் எறிந்துவிட்டுப் பின்னால் விரட்டினேன்.

மைதானத்து வாசலில் திரும்பும்போதே முன்சக்கரம் கழன்றிருக்கிறது. நான் போனபோது வண்டி மூக்கைத் தரையில் ஊன்றிக் கிடந்தது. சக்கரம் தனியாக உருண்டு போய், டிக்கெட் கொடுக்கிற மேசையைச் சாய்த்துவிட்டுப் படுத்திருந்தது. ரோடு சரியில்லை என்று அத்தான் கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அக்கா மதிலோரம் உட்கார்ந்து, புடைத்திருந்த நெற்றியில் ஈரத்துணியை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"இது இப்படி ஆகும்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும்க்கா. அவர்கிட்ட சொன்னேன்."

"என்கிட்ட?"

நான் ஜாக்கியை எடுக்கக் குனிந்துகொண்டேன். அத்தானைப் பார்த்து எத்தனை வருடமாக முகத்தைச் சுளித்திருக்கிறேன். அந்த நிமிடம் அந்தச் சுளிப்பு வரவில்லை.

ஸ்டிக்கர்காரனைப் பிடித்துப் பழைய சக்கரங்களை வாங்கி வந்தேன். போல்ட்டுகளில் மழுங்கியிருந்த மரைகளை அரத்தால் ராவிச் சரிசெய்து, நாலையும் மாற்றினேன். நட்டை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று அத்தான் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார்.

வேலை முடிந்ததும் அக்கா எழுந்து வந்து அவரிடம் கையை நீட்டினாள். அடிபட்டிருக்கிறதே, தானே ஓட்டுவதாக அவர் இழுத்தார்.

"சாவியைக் குடுங்க" என்றாள், குரலை உயர்த்தாமல்.

கொடுத்தார். அவள் ஏறினாள், பக்கத்துக் கதவை உள்பக்கமாகப் பூட்டினாள், எங்கள் இருவரையும் பார்க்காமல் ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நாலு அலாய் வீலோடு அத்தானை என் வேனில் ஏற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. நான் கியர் மாற்றுகிற முறை தப்பு என்று வழியெல்லாம் பாடம் எடுத்தார்.

அக்கா புதன்கிழமைதான் என் போனை எடுத்தாள். வண்டி இப்போது தன் கைக்குப் பழகிவிட்டது என்றாள். நெற்றி எப்படியிருக்கிறது என்று நான் கேட்கவில்லை.