ஃபோர்மேன் சொன்ன ‘ஹரி அப்’

இங்கிலாந்தில், லங்காஷயர் பஞ்சாலையொன்றில் ஹெட்டியும் ஐவியும் பதினோரு வருடம் அடுத்தடுத்த இயந்திரங்களில் வேலை செய்தவர்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்து ஆறாம் வருடம், பிப்ரவரியில் ஒரு நாள், ஓடுகிற இயந்திரத்தில் சிக்கிய பஞ்சை எடுக்கப்போய் ஐவி வலது கையில் மூன்று விரல்களை இழந்தாள். இயந்திரத்தை நிறுத்திவிட்டுத்தான் கை வைக்க வேண்டும் என்பது விதி. ஆனால் நிறுத்தினால் கால் மணி நேரம் போய்விடும். ஃபோர்மேன் கிரிம்ஷா பின்னால் நின்று ‘ஹரி அப்’ என்று கத்திக்கொண்டிருந்தார்.

ஐவி ஆலைமீது வழக்குப் போட்டாள். அவள் தரப்புச் சாட்சி ஹெட்டி.

ஆலை வக்கீல் குரலை உயர்த்தவே இல்லை. “அன்னைக்கு ஃபோர்மேன் ‘ஹரி அப்’னு சொன்னாராம்மா?”

“ரெண்டு தடவை சொன்னாருங்க. என் காதால கேட்டேன்.”

“முந்தின நாள்?”

“தினமும்தான். காலையில நுழையறப்பவே அவரு சொல்ற வணக்கம் அதுதான்.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஹெட்டிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“வீட்ல பிள்ளைங்ககிட்ட நீங்க சொல்றதுண்டா?”

“நூறு தடவை. எதுங்க காதுல வாங்குது?”

“அவர் சொன்னா நீங்க வாங்குவீங்களா?”

ஹெட்டி ரோஷக்காரி. கிரிம்ஷாவுக்குப் பயந்தவள் என்று அத்தனை பேர் முன்னால் ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை. “நானா? அந்தாளு கத்திக்கிட்டுக் கெடக்கட்டும்னு என் வேலையைப் பார்ப்பேன்.”

“ஆக, அது உத்தரவு இல்ல. வெறும் வாய்ப்பழக்கம்.”

“இல்லைங்க, அன்னைக்குச் சொன்னது வேற மாதிரி...”

“நன்றிம்மா. உட்காருங்க.”

சாதாரணப் பேச்சில் புழங்கும் சொல்லைக் கட்டளையாகக் கொள்ள முடியாது, விதியை மீறியது ஐவிதான் என்று நீதிபதி வழக்கைத் தள்ளினார்.

வெளியே மழை. பேருந்துக்காக நின்ற ஐவியின் பின்னாலேயே ஹெட்டி ஓடினாள். “நான் பொய் சொல்லலைடி!”

“சொல்லலையா? அந்தாளு குரல் கேட்டதும் நீ ஓடுற மெஷின்ல கைய விட்டதை எத்தனை தடவை பார்த்திருக்கேன்? உன் விரல் தப்பிச்சது, அவ்வளவுதான்.”

இடது கையால் கம்பியைப் பிடித்து ஐவி பேருந்தில் ஏறிக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை கிரிம்ஷா தன் கையாலேயே ஹெட்டிக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தார். “நல்லா சொன்னம்மா” என்றார். அதை அந்த மூஞ்சியிலேயே ஊற்றலாமா என்றிருந்தது அவளுக்கு. சுற்றிலும் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குடித்தாள். சர்க்கரை தூக்கலாகவே போட்டிருந்தார்.