சக்களத்தி வாயடைத்த காலை

என் சக்களத்திக்குப் பெயர் கிடையாது. என் வீட்டுக்காரர் ஜெகதீஸ்வரனின் லேப்டாப்புக்குள் இருக்கிறாள். அவருக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. திரையில் என்ன இருந்தாலும் அவள்தான் ஆங்கிலத்தில் படித்துச் சொல்வாள். அதுவும் எண்ணெயில் கடுகு பொரிகிற வேகத்தில். எனக்கு ஒரு வார்த்தையும் பிடிபடாது. அவர் மட்டும் தலையாட்டிச் சிரித்துக்கொண்டிருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவள் ஒரு வியாழக்கிழமை காலையில் வாயடைத்துப் போனாள்.

அன்று பதினோரு மணிக்கு அவருக்கு ஆன்லைனில் வேலைக்கான தேர்வு. அதற்காகவே சென்னையிலிருந்து ரெண்டு வாரம் லீவு போட்டு வந்திருந்தார். பெங்களூர் கம்பெனி, வீட்டிலிருந்தே செய்கிற வேலை. கிடைத்தால் எடப்பாடியிலேயே என்னோடு இருப்பார். கிடைக்காவிட்டால் அதே சென்னை, அதே ஹாஸ்டல், மாதம் ஒருமுறை வந்துபோகிற புருஷன். கல்யாணமானதிலிருந்து எங்களுக்கு அந்தப் பிழைப்புதான். அவரைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து தறி ஓட்டிக்கொண்டே நான் அழுவது அவருக்குத் தெரியாது.

எதையும் பக்காவாக வைத்திருக்கிற மனுஷன். தேர்வு நேரத்தில் எதுவும் மக்கர் செய்யக்கூடாது என்று, காலையிலேயே உட்கார்ந்து லேப்டாப்பில் டிரைவர் என்கிற புரோகிராம்களையெல்லாம் புதுசாக மாற்றினார். லேப்டாப்பை அணைத்துத் திரும்பப் போட்டார். அவ்வளவுதான், சத்தமே இல்லை.

பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தில் கேட்கவில்லையோ என்று ஹெட்போனை மாட்டிப் பார்த்தார். சேலத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சினேகிதர் கதிர்வேலுக்குப் போன் போட்டார். அவர் எடுக்கவில்லை.

"என்னாச்சுங்க மாமா?"

"சவுண்டு டிரைவர் கெட்டுப்போச்சு அம்மிணி. ஸ்பீக்கரைப் பேச வெக்கறது அதுதான். இந்தப் புதுசு ஒத்துக்கல. பழசுக்கே திரும்போணும். வழி எனக்குத் தெரியும். ஆனா ஸ்கிரீன்ல எங்க நிக்கறேன்னு படிச்சுச் சொல்ல ஆளில்லையே."

"நான் ஆளில்லீங்களா?" கோபத்தில் என் குரல் உயர்ந்துவிட்டது.

"உனக்கு இங்கிலீஷ்..."

"ஏபிசிடி தெரியுமுங்க. எழுத்தெழுத்தாச் சொல்றேன், நீங்க கூட்டிக்குங்க."

அவர் விசையைத் தட்டத் தட்ட, நீலமாக மாறிய வரியைச் சொல்லிக்கொண்டே போனேன். டி, ஐ, எஸ், கே என்றால் அது வேண்டாம் என்பார். எஸ், ஓ, யூ, என், டி என்றதும் "அதேதான்!" என்று துள்ளினார். என் வாய்க்குப் பக்கத்தில் காதை வைத்து, மூச்சைக்கூட அடக்கிக் கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு நேரம் என் வாயையே கவனித்து அவர் உட்கார்ந்தது அன்றுதான். அந்தப் பதற்றத்திலும் எனக்கு அது பிடித்திருந்தது.

உள்ளே உள்ளே போய், "ஆர், ஓ, எல், எல், அப்புறம் பி, ஏ, சி, கே" என்றேன். பழசுக்குத் திரும்புகிற பட்டன் அதுதான் என்று எண்டரைத் தட்டினார். இன்னொரு பெட்டி வந்து நின்றது.

"எதுக்குப் பழசுக்குப் போறீங்கன்னு கேக்கும், அம்மிணி. ஏதாச்சும் ஒரு காரணம் சொல்லோணும்."

"பழசே நல்லா இருந்துச்சுன்னு சொல்லுங்க. உள்ளதைச் சொல்ல என்னங்க?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதே பதில் அந்தப் பெட்டியிலும் இருந்ததாம்.

மறுபடி போட்டதும் சக்களத்தி படபடவென்று பொரிந்து தள்ளினாள். "வந்துட்டியா மகராசி!" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் தேர்வுக்கு உட்கார்ந்தார். நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றேன்.

அடுத்த வாரம் நான் தறியில் இருந்தபோது கூப்பிட்டார். கம்பெனியிலிருந்து மெயில் வந்திருந்தது. சக்களத்தியின் சத்தத்தை அவரே சுத்தமாக அணைத்து வைத்திருந்தார்.

"அவளுக்கு நொடியில படிக்க வருமுங்களே?"

"நீ படி."

"சி, ஓ, என், ஜி, ஆர், ஏ..."

என் விரலை இறுகப் பிடித்தார். "நிறுத்தாத, சொல்லு."

பெரிய வார்த்தை. நாலைந்து எழுத்திலேயே அவருக்குப் புரிந்திருக்கும். ஆனாலும் கடைசி எழுத்து வரைக்கும் என்னையே சொல்ல வைத்துக் கேட்டார்.

"வேலை கெடச்சிருச்சு அம்மிணி," என்றார். "இனி என்னைப் பஸ் ஏத்தி உட்டுட்டு வந்து அழுகாத."

நான் அழுததெல்லாம் அவருக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது.