தேசிக்காய் பொறுக்கியவர்

1961இல் கொழும்பிலிருந்து அரசாங்கத்தின் படவண்டி ஒன்று கனகராயன்குளத்துக்கு வந்தது. பள்ளிக்கூட யன்னல்களுக்கு நெல்லுச்சாக்குக் கட்டி இருட்டாக்கிப் பகலிலேயே படம் காட்டினார்கள். பட்டணத்து வீதியில் நடப்பது எப்படி என்று படிப்பிக்கிற படம். ஊரில் இருந்ததோ ஒரே ஒரு பெரிய வீதி. அதிலும் மாடுகள் நடுவால்தான் நடந்தன.

இராசமலருக்கு முதலில் எல்லாம் வேடிக்கையாக இருந்தது. புறக்கோட்டையில் ரிக்‌ஷாக்கள், குடை பிடித்த கிளாக்கர்மார், ஐஸ்பழம் விற்கிறவன். பிறகு வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் நடுவீதியில் இறங்கினார். பஸ் ஒன்று முட்டாத குறையாக நின்றது.

"வீதியைக் கவனிக்காத இவர் ஒரு கவலையீனமான மனிதர்" என்றது படத்தின் குரல்.

அந்த மனிதர் தவராசா. கொழும்பில் தபாற்கந்தோரில் வேலை. வருகிற ஆவணியில் அவளுக்குத் தாலி கட்ட இருப்பவர். அவள் அவரைப் போட்டோவில்தான் பார்த்திருந்தாள். பார்த்த நாளிலிருந்தே பிடித்துப்போயிற்று.

தகப்பன் அப்புத்துரை வெளியே வந்து சால்வையை உதறினார். அச்சில் வந்ததெல்லாம் சட்டம் என்று நம்புகிற மனிதர். படத்தில் வந்தால் கேட்கவா வேண்டும்.

"கவண்மேந்தே சொல்லிப்போட்டுது, கவலையீனமான ஆள் எண்டு. இந்தச் சம்பந்தம் வேண்டாம், பிள்ளை."

இராசமலர் அழவில்லை. அழுதால் அவர் இன்னும் இறுகிப்போவார்.

"பின்னேரம் திருப்பிக் காட்டுகினமாம். இன்னொருக்காப் பாத்திட்டுச் சொல்லுங்கோ ஐயா."

பின்னேரம் அவள் படத்தின் குரலைக் காதில் வாங்கவில்லை. படத்தின் ஓரத்தைப் பார்த்தாள். அங்கே ஒரு கிழவியின் ஓலைக் கடகம் சரிந்து ஊறுகாய்த் தேசிக்காய்கள் வீதியெல்லாம் உருண்டன. நடைபாதையில் ஒழுங்காக நின்ற அத்தனை பேரும் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தவராசா மட்டும் இறங்கிக் குனிந்தார். குரல் அதைப்பற்றி மூச்சு விடவில்லை.

"ஐயா, அவர் ரோட்டைக் கடக்கேல்லை. தேசிக்காய் பொறுக்கினவர்."

"அது கவண்மேந்துக்குத் தெரியாதோ?"

"கவண்மேந்து தேசிக்காயைப் பாக்கேல்லை."

அப்புத்துரை படம் காட்டுகிறவரிடம் போய், அந்தத் துண்டை மட்டும் இன்னொருக்கால் போடச் சொன்னார். அவர் முணுமுணுத்துக்கொண்டு போட்டார். அப்புத்துரை திரைக்கு ஒரு முழம் தள்ளி நின்று பார்த்தார்.

"ஒண்டை விட்டிட்டார்" என்றார் திரும்பி. "பஸ் சில்லுக்குக் கீழ கிடக்கு. அதை எடுக்கேல்லை."

"சில்லுக்குக் கீழ கை விடேல்லை. அப்ப கவனமான ஆள்தானே, ஐயா."

அப்புத்துரை சால்வையை எடுத்துத் தோளில் போட்டார்.

"ஓம்" என்றார். "கலியாணத்தை ஆவணியிலேயே வைப்பம்."