அடுத்தவ காலை நேர்ந்துகிட்ட கதை

1

முதல்லயே சொல்லிருதேன். இந்தக் கதை என் கற்பனையில பிறக்கல, என் அவசர வாயில பிறந்தது. மஸ்கட்ல ஒரே ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்து, பல வருசம் ஒரே ரூம்ல என்கூடச் சண்டை போட்டுச் சோறு தின்ன பிலிப்பைன்ஸ்காரி மாரிசெல். போன வருசம் அவ வயித்துல கட்டி. அவ ஊர்ல ஆபரேஷன். நான் இங்கன சங்கரன்கோயில்ல, கோமதியம்மன் முன்னால நின்னு அழுதுக்கிட்டே, "தாயி, அவளைப் பொழைக்க வையி. அடுத்த ஆடித்தபசுக்கு அவ காலாலயே நூத்தியெட்டுச் சுத்து சுத்த வைக்கேன்"னு நேர்ந்துட்டேன்.

அவ பொழைச்சிட்டா.

(என் காலால சுத்துதேன்னு நேர்ந்திருக்கலாம்லா? தோணல. கைப்பிள்ளைக்கு மொட்டைன்னு நேர்ந்துட்டு, அவன் காலேஜ் போனப்புறம் தலையைப் பிடிக்க விரட்டுற ஊரு நம்ம ஊரு. அடுத்தவங்க உடம்பை நேர்ந்துக்க நாம யாரைக் கேட்டோம்?)

2

ஆரம்பம் எழுதிப் பாத்தேன்.

"விமானத்தின் சாளரம் வழியே அவள் முதன்முறையாக இந்த மண்ணை…" வேண்டாம். அவ இன்னும் பிளைட்டே ஏறல.

"தென்றல் தவழும் சங்கரன்கோவிலில்…" எவன் தவழ்ந்தான்? ஆடிக்காத்து மூஞ்சியில மண்ணை அள்ளி அடிக்கி.

"ஐம்பதைக் கடந்த இரு பெண்களின்…" வயசை எதுக்கு இழுக்கணும்?

எங்க வீட்டுக்காரர் முத்துக்கிருஷ்ணன் பெயிண்ட் கடைக்குக் கிளம்பும்போது எட்டிப் பாத்துட்டு, "ஏட்டி செண்பகவல்லி, நடந்ததை நடந்தபடி எழுதேன். உனக்கென்ன கேடு?"ன்னாரு. சரி.

3

வெளியூர்க்காரங்களுக்காக: அம்மன் ஒத்தக்கால்ல நின்னு தபசு பண்ணுதா. அந்தக் கால்வலியில நாமளும் கொஞ்சம் வாங்கிக்குவோம்னு, கொடி ஏறினதும் வெறுங்காலோட கோயிலைச் சுத்துவோம். அதுதான் ஆடிச்சுத்து. இதையும் நான் நேர்ந்ததையும் போன்ல விளக்கினேன். மாரிசெல் கேட்டா:

"உங்க அம்மனுக்குக் கால்வலி. எனக்கு முட்டுவலி. யாரு வலியை யாரு வாங்கப்போறோம், செண்பா?"

(அவ பேசினது இங்கிலீஷ்ல. என் கதையில நெல்லைத் தமிழ்தான் பேசுவா. விசா வர்றதுக்கு முன்னாலயே அவளை இந்த ஊர்க்காரி ஆக்கிற அதிகாரம் எனக்கு இருக்கு.)

"கோவமா?"ன்னு கேட்டேன்.

"வாரேன்"னா. அவ்வளவுதான்.

4

வர்றதுன்னா சும்மாவா? விசாவுக்கு அனுப்பின போட்டோவுல காது தெரியலன்னு திருப்பிட்டான். காதைக் காட்டி எடுத்தா, நிழல் விழுதுன்னான். நான் இங்கன இருந்து வீடியோ கால்ல, "ஜன்னல் பக்கம் திரும்பு, முடியை ஒதுக்கு"ன்னு கத்தி, ஒருவழியா விசா வந்துச்சு.

டிக்கெட்டுக்குக் கடையநல்லூர் மைதீன் பாட்சாவைப் பிடிச்சேன். வளைகுடாவுக்கு ஆள் ஏத்திவிடுற டிராவல்ஸ் வச்சிருக்கார். "அக்கா, நமக்கு ஆளை அனுப்பித்தான் பழக்கம். வரவழைச்சுப் பழக்கமில்ல. பரவால்ல, இன்ஷா அல்லாஹ் இறக்கிருவோம்"னார். தேதி கேட்டார். நான் அலமாரிக் கதவுல ஒட்டியிருந்த பழைய திருவிழா நோட்டீசைப் பாத்துச் சொன்னேன்.

அது போன வருசத்து நோட்டீஸ். தபசு உத்திராட நட்சத்திரத்துல வரும், தேதி வருசத்துக்கு வருசம் மாறும்னு இந்த ஊர்ல நடக்கப் பழகுற பிள்ளைக்குக்கூடத் தெரியும். டிக்கெட் போட்டப்புறம் எங்க வீட்டுக்காரர் காலண்டரைப் பாத்துட்டு, "பந்தல் பிரிச்சு மூங்கில் ஏத்தும்போது வந்து இறங்குவா. அதையாவது சுத்தட்டும்"னாரு. சிரிப்பு வேற. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அன்னைக்கு ரசம் மட்டும்தான் வச்சேன்.

பாட்சா தலையில அடிச்சுக்கிட்டே டிக்கெட்டை மாத்திக் கொடுத்தார். மாரிசெல் அங்கன அவங்க சர்ச் பக்கத்து விளையாட்டு மைதானத்துல, மழையில வெறுங்காலோட சுத்திப் பழகி வீடியோ அனுப்புவா. நான், "வேகம் வேண்டாம், மூச்சு வாங்குது பாரு"ன்னு பதில் போடுவேன்.

இந்த இடத்துல கதை நல்லா

5

(மேல விட்ட வரியை முடிக்க முடியல. போன் வந்துருச்சு.)

இடது முட்டு வீங்கிருச்சாம். படம் அனுப்பியிருந்தா. நர்ஸ் கண்ணுக்கு அந்தப் படம் போதும். இந்த முட்டோட அம்புட்டுச் சுத்து நடக்கக்கூடாது. நேரா கோயிலுக்கு ஓடி ஐயர்கிட்ட கேட்டேன். "நேர்ந்தது நீங்கதானே? நீங்களே சுத்திருங்கோ. அம்பாள் கோச்சுக்க மாட்டா"ன்னார். அப்பாடான்னு இருந்துச்சு. உடனே மாரிசெல்லைக் கூப்பிட்டு, "நீ வரவேண்டாம் மக்கா. நான் சுத்துதேன்"னேன்.

"என் காலு"ன்னா.

"பிடிவாதம் பிடிக்காதட்டி!"

"செண்பா, கேளு. ஆபரேஷனுக்கு முன்னால பாக்க வந்தவங்க எல்லாரும் வழியனுப்பத்தான் வந்தாங்க. ஒவ்வொருத்தர் மூஞ்சியிலயும் தெரிஞ்சுது. நீ ஒருத்திதான் அங்கன இருந்தே அடுத்த வருசத்துக்கு என் காலுக்கு அச்சாரம் போட்ட. கட்டி திரும்ப வரலாம்னு டாக்டர் சொல்லியிருக்கான். அதுக்கு முன்னால நான் வந்து நடப்பேன்."

நான் அழுதேன். கதையில இதை நாசூக்கா மறைக்கணும்பாங்க. மறைக்கல. நல்லா அழுதேன்.

6

முடிவுகள்.

அ) அவ வாரா, சுத்துதா, முட்டுவலி பறந்துருது. (அம்மன் படத்துக்குக் கொடுக்கலாம். கோடு போட்டு அடிச்சாச்சு.)

ஆ) அவ வரல. போன்ல அவ முகத்தைக் காட்டிக்கிட்டே நான் சுத்துதேன். எங்க வீட்டுக்காரர் யோசனை. கேக்க அழகா இருக்கு. மாரிசெல் கேட்டா செருப்பைக் கழட்டுவா.

இ) அவ வாரா. பாதிச் சுத்துல முட்டு மடங்குது. நான் அவளை

எழுத மாட்டேன். கை வரல.

7

கொடி ஏறியாச்சு. முட்டுக்குப் பட்டை வாங்கி வச்சாச்சு. காருக்குச் சொல்லியாச்சு, நாளைக்குத் திருவனந்தபுரம் ஏர்போர்ட் வாசல்ல நிப்பேன். அவ போன் கிடைக்கல. அவ ஊர் டாக்டர் பிளைட் ஏற விட்டானா, அவ அவனை மதிச்சாளா, எனக்குத் தெரியாது.

அதனால முடிவை நீங்களே நேர்ல வந்து பாத்துக்கிடுங்க. ஆடிச்சுத்துக் கூட்டத்துல குட்டையா ஒருத்தியும், அவளைவிடக் குட்டையா முட்டுல பட்டை கட்டின ஒருத்தியும் கையைப் பிடிச்சுக்கிட்டு வந்தா, "எந்த ஊரு, சைனாவா?"ன்னு கேக்காம வழி விடுங்க. ஒரு நாள்ல முடியாட்டி மறுநாளும் வருவோம்.

நான் மட்டும் தனியா வந்தா, அது அவ நேர்ச்சைக்குச் சேராது. அதை அம்மன்கிட்ட முன்கூட்டியே சொல்லிட்டேன். அடுத்த வருசத்துக்கும் அவ காலைத்தான் நேர்ந்துக்குவேன். அதுவரைக்கும் அவ இருந்தே ஆகணும், வேற வழி கிடையாது.

என் பக்கத்துல ஓராள் இடம் விட்டுத்தான் நடப்பேன். கூட்டமா இருக்கேன்னு அதுல புகுந்துராதீங்க. அது ஆள் வர்ற இடம்.