கேட்கப்படாத சோடி

…சரி, இந்தப் படத்துக்கு எப்படித்தான் வந்து சேர்ந்தோம், கதாநாயகன் இன்னொருவனைக் கண்ணாடிச் சுவருக்குள் வீசிக்கொண்டிருக்க, அவளுக்கு மட்டும் அந்தக் கேள்வி மண்டையைக் குடைந்தது. அவளுக்குச் சண்டைப் படம் என்றாலே ஆகாது, நாத்தனாருக்கோ பேய்ப் படம் என்றால் உயிர், பேயா சண்டையா என்று கேட்டிருந்தால் இருவருமே பேய் என்றுதானே கை தூக்கியிருப்பார்கள்… கேட்டிருந்தால்… ஆனால் காலையில் அந்தச் சோடியை யாருமே கேட்கவில்லையே! வீட்டு வழக்கம் அதுதான், எதுவானாலும் கணவர் இரண்டிரண்டாய்க் கேட்பார், தோற்றது விலகும், வென்றது மிச்சத்தோடு மோதும், "நம்ம வீட்ல சர்வாதிகாரமே கிடையாது" என்று மார்தட்டுவார். பேயா சிரிப்பா என்றார், பேய்க்கு அஞ்சும் அவரும் அவளும் சேர்ந்து சிரிப்பை வெல்லவைத்தார்கள், பிறகு சிரிப்பா சண்டையா, "சிரிப்புப் படம்னா எனக்குத் தூக்கம் வந்துடும்ணா" என்று நாத்தனார் அண்ணன் பக்கம் சாய, சண்டை வென்றது. சிரிப்பு பேயை வெல்லும், பேய் சண்டையை வெல்லும், சண்டை சிரிப்பை வெல்லும்… அட, இது வட்டமல்லவா! வட்டத்துக்கு ஏது முதலிடம், கடைசியில் எதை நிறுத்துகிறோமோ அதற்கே வெற்றி! சோளப்பொரி சிதறத் துள்ளி நிமிர்ந்தாள், பின்வரிசைக்காரர் "உக்காருங்கம்மா, மறைக்குது" என்றார். தொலைக்காட்சி நிறுவனத்தில் எந்தத் தொடரை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று நாள் முழுக்க எண்ணுகிறவள், தன் வீட்டு மூன்று கைகளை எண்ணாமல் விட்டிருக்கிறாளே!

அப்படியானால் இன்றைய இன்னொரு கேள்வி? பதவி உயர்வோடு வந்த இடமாற்றம், நாளை அவள் பதில் சொல்லியாக வேண்டும், "படம் முடிஞ்சதும் காப்பி குடிச்சிட்டே கை தூக்கிடலாம்" என்றிருந்தார் கணவர். அவளுக்கு எல்லாரும் போக வேண்டும், இல்லையேல் தனியாகவேனும். அவருக்கு யாரும் போகவே கூடாது, போனால் சேர்ந்தே. நாத்தனாருக்கோ இங்கே இப்போதுதான் தையற்கடை சூடுபிடித்திருக்கிறது, அண்ணி மட்டும் போனால் நல்லது, இல்லையேல் யாரும் வேண்டாம்… அதே வட்டம், அச்சு மாறாத அதே வட்டம்! முதற்கேள்வி யாருடையதோ முடிவும் அவருடையது.

காப்பி வருவதற்குள் முந்திக்கொண்டாள். "இந்தத் தடவை நான் கேக்குறேன்." "தாராளமா கேளு, இதென்ன என் பரம்பரைச் சொத்தா?" "நான் தனியாப் போகவா, போகவே வேண்டாமா?" அவளும் கை தூக்கினாள், நாத்தனாரும் தூக்கினாள், "போயிட்டு வாங்க அண்ணி, அண்ணனை நான் மேய்ச்சுக்குறேன்." "ஆமா, நான் ஆடு" என்று அவர் முனகினார், சிரிப்பு கண்வரை எட்டவில்லை.

இனித் தனியாகவா, எல்லாருமா என்று கேட்டாற்போதும், அவளோடு அவர் கையும் எல்லாரும் என்று உயர்ந்துவிடும், வென்றாயிற்று, வென்றேவிட்டாள்! நாத்தனாரோ வென்றுவிட்ட நினைப்பில், கடைக்குப் புதுப் பெயர்ப்பலகை எழுதும் பேச்சை எடுத்துவிட்டாள்… எல்லாருமா, யாருமே வேண்டாமா என்று கேட்டால் அண்ணனும் தங்கையும் வேண்டாம் என்றே சேர்ந்து நிற்பார்கள், அந்தச் சோடியை இப்போது கேட்காமல் விடப்போகிறவள் அவள்தானே? இத்தனை காலம் அவர் விட்டது தெரிந்தா, தெரியாமலா… அது யாருக்குத் தெரியும், ஆனால் இவள் விடுவது தெரிந்தேதான்.

"அப்புறம்? அடுத்ததைக் கேளு" என்றார் அவர்.